இதயத்தைக் காக்கும் கால்கள்

1966-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேர் மூன்று வாரம் கட்டிலைவிட்டு இறங்காமல் படுத்துக் கிடந்தார்கள். ஐவருக்கும் எந்த நோயும் இல்லை. சும்மா படுத்தே இருந்தால் உடம்புக்கு என்ன ஆகும் என்று அறிய விரும்பிய மருத்துவ ஆய்வாளர்களுக்காக அவர்கள் ஒப்புக்கொண்டு படுத்தார்கள். மூன்று வாரம் முடிந்து டிரெட்மில்லில் ஓடவைத்து அளந்தபோது, உச்சகட்ட உழைப்பில் உடம்பு எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்திருந்தது. முப்பது ஆண்டு கழித்து, 1996-இல், அதே ஐவரையும் அழைத்து மறுபடி அளந்தார்கள். எல்லோருக்கும் ஐம்பது வயது, எடையும் கூடியிருந்தது. ஆனாலும் மூன்று வாரப் படுக்கையில் இழந்த அளவுக்கு முப்பது ஆண்டு வாழ்க்கையில் அவர்களில் ஒருவர்கூட இழந்திருக்கவில்லை.

இளைஞனுக்கே இந்தக் கதி என்றால், மாரடைப்பு வந்து படுத்தவருக்கு? டாலஸ் ஆய்வுக்குச் சில ஆண்டுகள் முன்புவரை மாரடைப்புக்கு ஊரெங்கும் ஒரே வைத்தியம்தான்: படுக்கை. ஆறு வாரம், சிலருக்கு அதற்கும் மேல். முதல் நாட்களில் தானே சாப்பிடவோ சவரம் செய்துகொள்ளவோகூட விடமாட்டார்கள், நர்ஸ் ஊட்டிவிடுவார். இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருந்தது. இரத்தம் கிடைக்காமல் செத்துப்போன இதயத் தசை உறுதியான தழும்பாக மாறச் சுமார் ஆறு வாரம் ஆகிறது என்று, இறந்தவர்களின் இதயங்களை ஆராய்ந்த மருத்துவர்கள் 1939-இல் எழுதியிருந்தார்கள். அதற்குள் நோயாளி அசைந்தால் புண்பட்ட இடம் கிழிந்துவிடும் என்று எல்லோரும் அஞ்சினார்கள்.

பாஸ்டன் நகரத்து மருத்துவர் சாமுவேல் லெவைன் இந்த வழக்கத்தைச் சந்தேகித்தார். படுத்திருக்கும்போது கால்களில் இருக்கும் இரத்தமும் இதயத்தை நோக்கித் திரும்பி அதன் சுமையைக் கூட்டுகிறது. காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் சுமை குறையும் என்பது அவர் கணக்கு. வாரக்கணக்கில் அசையாத கால்களில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துச் சிலர் இறந்துகொண்டும் இருந்தார்கள். லெவைனும் அவருடைய இளம் உதவியாளர் பெர்னார்ட் லவுனும் மாரடைப்பு வந்த 81 பேரைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். புது மருந்தும் இல்லை, புதுக் கருவியும் இல்லை, ஒரு சாய்வு நாற்காலி மட்டும். பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. 1952-இல் அவர்கள் வெளியிட்ட அந்த அனுபவம்தான் இதய நோயாளியைக் கட்டிலிலிருந்து விடுவித்த முதல் அடிகளில் ஒன்று. மூன்று ஆண்டில் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கே மாரடைப்பு வந்தது. அவரைக் கவனித்த பால் டட்லி வைட் என்ற இதய மருத்துவர் நடையை ஊக்குவித்தார். அதிபர் அடுத்த ஆண்டே மறுபடி தேர்தலில் நின்று வென்றார். கோல்ஃப் மைதானத்துக்கும் திரும்பினார்.

இன்று மாரடைப்புக்குப் பின்னும், இதயக் குழாயின் அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைத்த பின்னும், அடைப்பைச் சுற்றி மாற்றுவழி அமைக்கும் பைபாஸ் அறுவைக்குப் பின்னும், பெரும்பாலும் ஓரிரு நாளிலேயே நோயாளியை எழுப்பி வார்டு வராந்தாவில் நடக்கவைக்கிறார்கள். அதற்குப் பிறகு சில வாரம் முதல் மூன்று மாதம்வரை கண்காணிப்புடன் திட்டமிட்டுச் செய்யும் உடற்பயிற்சி, உணவு, மருந்து, மனநலம் பற்றிய ஆலோசனை எல்லாம் சேர்ந்ததை இதய மறுவாழ்வுப் பயிற்சி என்கிறார்கள். மருத்துவமனைகளில் கார்டியாக் ரிஹாப் என்று சொன்னால் எளிதில் புரியும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. செத்துப்போன இதயத் தசை நடந்தால் உயிர்த்து எழாது. ஸ்டென்டுக்கு வெளியே குழாய்களில் படிந்த கொழுப்பும் சைக்கிள் மிதித்ததும் கரைந்து ஓடிவிடாது. பிறகு இந்தப் பயிற்சி எதைத்தான் சரிசெய்கிறது?

கணக்கிலிருந்து தொடங்கலாம். சுமார் 300 கிராம் எடையுள்ள இதயம் ஓய்வில் நிமிடத்துக்கு 5 லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. ஒரு நாளுக்கு 7,200 லிட்டர்; வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர்க் கேனில் 360 கேன். ஒவ்வொரு லிட்டர் இரத்தத்திலும் ஏறக்குறைய 200 மில்லிலிட்டர் ஆக்சிஜன் ஏறிப் போகிறது. ஓய்வில் உடம்பு அதில் 50 மில்லிலிட்டரை மட்டும் இறக்கிக்கொண்டு மீதி 150-ஐ அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறது. அதாவது இதயம் அனுப்பும் சரக்கில் முக்கால் பங்கு இறக்கப்படாமலே திரும்பி வருகிறது. உழைக்கும்போது தசை இன்னும் அதிகமாக இறக்கிக்கொள்ளும். எவ்வளவு அதிகமாக என்பது இதயத்தின் கையில் இல்லை. அது தசையின் திறமை.

நடைப்பயிற்சி முதலில் கைவைப்பது இந்தத் திறமையில்தான். சில வாரங்களில் தொடை, கெண்டைக்காலின் தசை நார்களைச் சுற்றி மயிரிழையைவிட மெல்லிய இரத்தக்குழாய்கள், அதாவது தந்துகிகள், புதிதாக முளைக்கின்றன. தசைச் செல்லுக்குள் ஆக்சிஜனை எரித்து ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது. வந்து சேரும் அதே இரத்தத்திலிருந்து தசை கூடுதலாக ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கிறது. இதயம் ஒரு சொட்டுக்கூடக் கூடுதலாகத் தள்ளாமலே உடம்பின் சக்தி ஏறுகிறது. டாலஸ் ஐவரின் கதையில் இதற்குச் சாட்சி உண்டு. ஐம்பது வயதில் அவர்களுக்கு ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். முப்பது ஆண்டில் இழந்தது முழுவதும் திரும்பி வந்தது. அளந்து பார்த்தால் இதயம் அனுப்பும் உச்ச அளவு கூடியிருக்கவில்லை. மீட்பு ஏறக்குறைய முழுவதும் தசையின் பக்கமிருந்து வந்திருந்தது.

இதை நிரூபிக்க இன்னும் அழகான சோதனை ஒன்று உண்டு. டாலஸ் ஆய்வின் முதன்மை ஆய்வாளரான சுவீடன் நாட்டு உடலியல் அறிஞர் பெங்ட் சால்டின், 1976-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், சிலரை ஒற்றைக் காலால் மட்டும் சைக்கிள் மிதிக்கவைத்துப் பழக்கினார். உடம்பு ஒன்று, இதயம் ஒன்று. கால்களில் ஒன்று பழகியது, மற்றது பழகாதது. பழகிய காலால் மிதித்தபோது இதயத் துடிப்பு முன்பைவிட நன்றாகக் குறைந்திருந்தது. பழகாத காலால் மிதித்தபோது அந்தப் பலன் அப்படிக் கிடைக்கவில்லை. இதயமே வலுப்பெற்றிருந்தால் இரண்டு காலுக்கும் ஒரே பலன் கிடைத்திருக்க வேண்டும். எந்தத் தசை உழைக்கிறதோ அதன் நிலையைப் பொறுத்து இதயத்துக்குக் கட்டளை மாறுகிறது.

துடிப்பு குறைவதால் நோயாளிக்கு என்ன லாபம் என்று பார்த்தால் அடுத்த வியப்பு வருகிறது. உடம்பின் மற்ற தசைகளைப்போல இதயத் தசைக்கு மிச்சக் கையிருப்பு கிடையாது. தனக்கு வரும் இரத்தத்திலிருந்து ஓய்விலேயே அது ஆக்சிஜனில் 70 சதவீதத்துக்கு மேல் எடுத்துவிடுகிறது. கூடுதலாக வேண்டுமென்றால் ஒரே வழி, தன் குழாய்களில் கூடுதல் இரத்தம் வருவதுதான். அந்தக் குழாயில்தான் அடைப்பு. போதாததற்கு, இடது கீழறையின் சுவருக்கு இரத்தம் பெரும்பாலும் இதயம் சுருங்கும்போது போவதில்லை. சுருங்கும் தசை தன் குழாய்களைத் தானே நெரித்துவிடுகிறது. இரண்டு துடிப்புக்கு இடையே விரியும் நேரத்தில்தான் அதற்குச் சாப்பாடு. நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் மொத்த நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு விரியும் நேரம். 120 ஆகும்போது அது பாதியளவுக்குச் சுருங்குகிறது. வேகமாகத் துடிக்கும் இதயம் அதிகமாக உழைக்கிறது, அதே நேரம் சாப்பிடக் குறைந்த அவகாசமே பெறுகிறது.

மருத்துவர்கள் இதை ஓர் எளிய பெருக்கலில் அடக்குகிறார்கள். நாடித் துடிப்பை மேல் இரத்த அழுத்தத்தால் பெருக்கினால் இதயம் எவ்வளவு ஆக்சிஜன் கேட்கிறது என்பதற்கு நல்ல அளவுகோல் கிடைக்கும். அடைப்பு உள்ள ஒருவருக்கு நெஞ்சுவலி ஏறக்குறைய ஒரே எண்ணில் தொடங்குகிறது. உதாரணத்துக்கு ஒருவருக்கு நாடி 115, அழுத்தம் 150 ஆகும்போது, அதாவது 17,250-இல், வலி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாடி ஏறினால் அவர் அந்த எண்ணைத் தொட்டுவிடுகிறார். மூன்று மாதப் பயிற்சிக்குப் பின் அதே இரண்டு மாடிக்கு நாடி 100, அழுத்தம் 140, பெருக்கினால் 14,000. அடைப்பு அப்படியே இருக்கிறது. வலி மட்டும் இல்லை. மாடிப்படிக்கான விலையைக் கால்கள் குறைத்துவிட்டன.

குழாய்கள் பக்கமும் ஒரு மாற்றம் நடக்கிறது. ஒவ்வொரு இரத்தக்குழாயின் உள்ளேயும் ஒரே ஒரு செல் தடிமனுள்ள மெல்லிய படலம் ஒன்று ஒட்டியிருக்கிறது. எண்டோதீலியம் என்ற இந்த உட்படலம் வெறும் பூச்சு என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். உண்மையில் அது உரசிச் செல்லும் இரத்தத்தின் வேகத்தை உணர்கிறது. வேகம் கூடினால் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்தி விரிக்கிறது. சில விநாடிகளே வாழும் இந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சுவலி வந்தால் நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை உடம்புக்குள் கொடுப்பதும் இதே வாயுவைத்தான். இதய நோயில் உட்படலம் இந்த வாயுவைச் சுரக்கும் பழக்கத்தை இழந்துவிடுகிறது. சில சமயம் விரிய வேண்டிய குழாய் சுருங்கவே செய்கிறது. தினமும் நடக்கும்போது வேகமெடுக்கும் இரத்தம் படலத்தை மீண்டும் மீண்டும் உரசி, அந்தப் பழக்கத்தை மீட்டுத் தருகிறது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ரைனர் ஹாம்பிரெக்ட் என்ற மருத்துவர், நான்கே வாரப் பயிற்சியில் இதயத்தின் குழாய்கள் முன்பைவிட நன்றாக விரிவதை 2000-இல் காட்டினார்.

அவரே 2004-இல் இன்னொரு துணிச்சலான ஆய்வை வெளியிட்டார். நிலையான நெஞ்சுவலியும் குழாய் அடைப்பும் உள்ள 101 ஆண்களில் ஒரு பாதிக்கு ஸ்டென்ட், மறுபாதிக்குத் தினமும் 20 நிமிடம் சைக்கிள். ஓராண்டு முடிவில் இதயம் தொடர்பான பெரிய தொந்தரவு எதுவும் வராமல் இருந்தவர்கள் சைக்கிள் குழுவில் 88 சதவீதம்; ஸ்டென்ட் குழுவில் 70 சதவீதம். இதைக் கேட்டுவிட்டு யாரும் ஸ்டென்ட் வேண்டாம் என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது. ஆய்வு சிறியது, அன்றைய ஸ்டென்ட் இன்றையதல்ல. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் அடைப்பைத் திறப்பதுதான் உயிர் காக்கும். ஸ்டென்ட் ஒரே இடத்தைத் திறக்கிறது, பயிற்சி உடம்பின் எல்லாக் குழாய்களையும் தொடுகிறது என்பதை மட்டும் இந்த எண்களிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு இந்தத் துறையில் மிகப் பெரிய வியப்பு, மாற்று இதயம் பொருத்தியவர்கள் நடப்பது. கொடையாளியின் இதயத்தை எடுக்கும்போது அதற்குப் போகும் நரம்புகள் எல்லாம் அறுபடுகின்றன. நம் இதயத்தை ஓய்வில் அடக்கி வைக்கும் வேகஸ் நரம்பின் பிடி இல்லாததால் புது இதயம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே பெரும்பாலும் 90-க்கு மேல் துடிக்கிறது. நோயாளி எழுந்து நடக்கத் தொடங்கினால் மூளையின் சேதி இதயத்துக்குப் போய்ச் சேர வழியில்லை. துடிப்பு உடனே ஏறாது. அப்படியானால் கால்களுக்கு இரத்தம் எப்படிக் கிடைக்கிறது? முதல் சில நிமிடம் கால்களே அதைப் பார்த்துக்கொள்கின்றன. கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. கூடுதலாக வந்து நிறையும் இரத்தத்தால் இதயத்தின் சுவர் சற்று அதிகமாக விரிகிறது. விரிந்த அளவுக்கு அது பலமாகச் சுருங்குகிறது. நரம்பின் உதவியே தேவைப்படாத இந்தக் குணம் எல்லா இதயத்துக்கும் பிறப்பிலேயே உண்டு. ஃபிராங்க், ஸ்டார்லிங் என்ற இரண்டு அறிஞர்களின் பெயரால் அதை அழைக்கிறார்கள். சில நிமிடம் கழித்து இரத்தத்தோடு மிதந்து அட்ரினலின் வந்து சேர, துடிப்பு மெல்ல ஏறத் தொடங்கும். நடையை நிறுத்திய பிறகும் அட்ரினலின் தீரும்வரை துடிப்பு இறங்காது. அதனால்தான் இவர்கள் மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடிக்க வேண்டும் என்று பயிற்சியாளர்கள் அவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறார்கள்.

நாடியைப் பார்த்துப் பயிற்சியின் அளவை முடிவுசெய்ய மாற்று இதயம் பொருத்தியவர்களால் முடியாது. துடிப்பைக் கட்டுப்படுத்தும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இதே சிக்கல்தான். இதற்கு சுவீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னார் போர்க் ஒரு வழி கண்டுபிடித்தார்: நோயாளியையே கேட்பது. உழைப்பு எவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்பதற்கு 6 முதல் 20 வரை ஒரு எண் சொல்லச் சொன்னார். ஏன் 6-இல் தொடக்கம்? ஆரோக்கியமான இளைஞர் சொல்லும் எண்ணோடு ஒரு பூஜ்யத்தைச் சேர்த்தால் ஏறக்குறைய அவருடைய நாடித் துடிப்பு வந்துவிடும். 6 என்றால் 60, 15 என்றால் 150. இதய நோயாளிகளைப் பொதுவாக 11 முதல் 13 வரை, அதாவது "லேசாக இருக்கிறது" என்பதற்கும் "கொஞ்சம் கஷ்டம்" என்பதற்கும் இடையில் நிறுத்துகிறார்கள். அதைவிட எளிய சோதனையும் இருக்கிறது. நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. மூச்சு வாங்கி வார்த்தை உடைந்தால் குறைக்க வேண்டும்.

இன்னும் வேகமாக உழைத்தால் இன்னும் நல்லதா? நார்வேயின் ட்ரொண்ட்ஹைம் நகரில் உல்ரிக் விஸ்லோஃப் குழு, இதயச் செயலிழப்பு (இதயம் போதிய அளவு இரத்தத்தைத் தள்ள முடியாத நிலை) உள்ள, சராசரி 75 வயதான 27 பேரை வைத்துச் சோதித்தது. நான்கு நிமிடம் கடும் ஏற்ற நடை, மூன்று நிமிடம் இளைப்பாறல், இப்படி நான்கு முறை செய்தவர்களின் ஆக்சிஜன் திறன் 46 சதவீதம் கூடியது; மிதமாக நடந்தவர்களுக்கு 14 சதவீதம். 2007-இல் இந்த முடிவு உலகையே பரபரப்பாக்கியது. பத்து ஆண்டு கழித்துப் பல நாடுகளில் பெரிய அளவில் மறுபடி செய்து பார்த்தபோது அவ்வளவு பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முதியவரின் தளர்ந்த இதயத்தோடும் தசை கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறது என்பது மட்டும் இரண்டு ஆய்விலும் நிற்கிறது.

இதயச் செயலிழப்பில் மூச்சு வாங்குவதற்கு நுரையீரலும் இதயமும் மட்டும் காரணமில்லை என்பதும் கடந்த சில பத்தாண்டுகளில் தெளிவாயிற்று. மெலிந்து போன தசை சீக்கிரமே களைத்து, "போதவில்லை" என்ற சேதியை நரம்பு வழியாக மூளைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. மூளை மூச்சை வேகப்படுத்துகிறது. மூச்சு வாங்குவதால் நோயாளி நடப்பதை நிறுத்துகிறார். நிறுத்துவதால் தசை இன்னும் மெலிகிறது. 1990-களில் லண்டன் மருத்துவர்கள் முன்வைத்த இந்தக் கருத்து சரியென்றால், அந்தச் சுழலைத் தசையின் இடத்தில் வெட்டலாம். பயிற்சி செய்வது அதைத்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் கருவியால் அளப்பவை. நோயாளி கேட்பது வேறு. குளித்துவிட்டு வந்தால் மூச்சு வாங்காமல் இருக்குமா, மார்க்கெட் பையைத் தூக்கலாமா, ராத்திரி தலையணையை உயர்த்தாமல் தூங்கலாமா, மறுபடி வேலைக்குப் போகலாமா, கணவன் மனைவி பழையபடி இருக்கலாமா. இந்தக் கேள்விகளையே அளவுகோலாக்கியிருக்கிறார்கள். மினசோட்டா வினாத்தாள் என்று ஒன்று இருக்கிறது. அதன் 21 கேள்விகளும் இப்படிப்பட்டவைதான். கான்சாஸ் சிட்டி வினாத்தாள் என்ற இன்னொன்று 100-க்கு மதிப்பெண் தருகிறது. அதில் 5 கூடினாலே நோயாளிக்கு வித்தியாசம் தெரியும் என்கிறார்கள். 2,331 இதயச் செயலிழப்பு நோயாளிகளைக்கொண்டு 2009-இல் வெளியான பெரிய ஆய்வில், மரணத்தையும் மருத்துவமனை அனுமதியையும் பயிற்சி குறைத்த அளவு எதிர்பார்த்ததைவிடச் சிறியதுதான். ஆனால் மூன்றே மாதத்தில் அந்த 5 மதிப்பெண்ணைத் தாண்டியவர்கள் பயிற்சிக் குழுவில் 100-க்கு 54 பேர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 29 பேர். வாழ்நாளை நீட்டுவதற்குக் கொடுக்கும் மரியாதையை இந்த எண்ணுக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். அடைப்பு, மாரடைப்பு, ஸ்டென்ட், பைபாஸ் வகை நோயாளிகளில் ஆயுள் பலனும் தெளிவாகவே தெரிகிறது. 23,430 பேர் பங்கேற்ற 85 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது இதய நோயால் இறப்பது சுமார் கால் பங்கு குறைந்திருந்தது. மறுபடி மருத்துவமனையில் சேர்வதும் ஏறக்குறைய அதே அளவு குறைந்திருந்தது.

பயம் போவதும் இதில் சேர்த்தி. மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் கடுமையான மனச்சோர்வில் விழுகிறார். வீட்டில் அன்பு மிகுதியால், "நீங்க உட்காருங்க, நான் எடுத்துட்டு வரேன்" என்று தண்ணீர்ச் செம்பைக்கூடக் கையிலிருந்து வாங்கிவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் அவர் மனசில் பதிவது, தான் உடைந்து போனவர் என்பது. மானிட்டர் பொருத்தி, பக்கத்தில் பிசியோதெரபிஸ்ட் நிற்க, இருபது நிமிடம் டிரெட்மில்லில் நடந்து முடித்து ஒன்றும் ஆகாமல் இறங்கும் மனிதர் அந்தப் பதிவைத் தானே அழிக்கிறார்.

டிரெட்மில்லும் மானிட்டரும் எல்லா ஊரிலும் கிடைக்காதே? உலகின் 203 நாடுகளைக் கணக்கெடுத்தபோது 111 நாடுகளில்தான் இத்தகைய மறுவாழ்வுத் திட்டம் இருந்தது. இந்தியாவில் அது பெரிய மருத்துவமனைகளைத் தாண்டி வெகுதூரம் போகவில்லை. இந்தக் குறையை மனதில் வைத்து துரைராஜ் பிரபாகரன் தலைமையில் ஒரு குழு இந்தியாவின் 24 மருத்துவமனைகளில், மாரடைப்பிலிருந்து மீண்ட 3,959 பேரிடம் யோகாவை அடிப்படையாகக் கொண்ட மறுவாழ்வுத் திட்டத்தைச் சோதித்தது. 12 வாரத்தில் 13 வகுப்புகள். எளிய ஆசனம், மூச்சுப்பயிற்சி, தியானம், கலந்துரையாடல். முடிவு 2020-இல் வெளியானது. இறப்பு, மறு மாரடைப்பு போன்ற பெரிய நிகழ்வுகளில் உறுதியான வித்தியாசம் காட்ட முடியவில்லை. நோயாளிகள் தங்கள் உடல்நலத்துக்குத் தாங்களே கொடுத்த மதிப்பெண் சற்றுக் கூடியிருந்தது. பழைய வேலைகளுக்குத் திரும்பியவர்களும் அதிகம். கருவி எதுவும் வேண்டாத ஒரு முறைக்கு இது நல்ல தொடக்கம்தான்.

எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். ஓய்விலேயே வரும் நெஞ்சுவலி, கட்டுக்கடங்காத துடிப்புக் கோளாறு, வால்வு கடுமையாகச் சுருங்கிய நிலை, காய்ச்சல் ஆகியவற்றில் பயிற்சி கூடாது. பைபாஸ் அறுவைக்காகப் பிளந்த மார்பெலும்பு ஒன்றுசேரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை கனமான பொருளைத் தூக்கக் கூடாது. மூச்சை அடக்கி முக்குவதும் ஆகாது. நடையைச் சட்டென்று நிறுத்தினால் விரிந்த கால் குழாய்களில் இரத்தம் தேங்கித் தலைசுற்றும். கடைசி ஐந்து நிமிடத்தை மெதுவாக நடந்தே முடிக்க வேண்டும். மருத்துவர் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்களிடம், கண்காணிப்புடன் நடக்கும் பயிற்சியில் ஆபத்து மிக அரிது.

உங்கள் வீட்டில் யாராவது மாரடைப்புக்கோ ஸ்டென்டுக்கோ பைபாஸுக்கோ பிறகு டிஸ்சார்ஜ் ஆகிறார் என்றால், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். எப்போது நடக்கத் தொடங்கலாம், எத்தனை நிமிடம், எந்த வேகத்தில், எந்த அறிகுறி தெரிந்தால் நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள். அந்தப் பதிலையும் மருந்துச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.